ஹேண்ட் பிரேக்கை எடுங்கப்பா!

1787இல் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற சர்ஜன், 35 வயதுக்காரர் ஒருவரின் தாடையிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்தார். வெட்டியதைத் தூக்கிப் போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஜாடியில் அடைத்துவிடுவார். ஊறுகாய்ப் பிரியர். (அயர்லாந்துக்காரர் ஒருவர் அசாத்திய உயரம் வளர்ந்திருந்தார். 'நான் செத்தால் கடலில் போடுங்கள், ஹண்டர் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்' என்று கெஞ்சிவிட்டுத்தான் செத்தார். எலும்புக்கூடு கடைசியில் ஹண்டர் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.) தாடைக் கட்டி ஜாடியிலேயே காத்திருந்தது. 1968இல் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, 'இது மெலனோமா' என்றார்கள். லேப் ரிப்போர்ட் வர 181 வருஷம். நம் ஊர் லேப்காரர்கள் இனி தலைநிமிர்ந்து நடக்கலாம்.

அந்தப் பேருக்கு வித்துப் போட்டவர் பாரிஸின் லானெக். 1804இல், பிணங்களுக்குள் கரிக்கட்டை மாதிரி கிடந்த கட்டிகளுக்கு 'மெலனோஸ்' என்று பேர் வைத்தார். உடனே அவருடைய வாத்தியார் டுபுய்த்ரன், 'அது என் சரக்கு' என்று சண்டைக்கு வந்துவிட்டார். நோயாளிக்கு என்ன செய்வதென்று குருவுக்கும் தெரியாது, சிஷ்யனுக்கும் தெரியாது. கண்டுபிடிப்பு யாருடையது என்பதில்தான் தகராறு.

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல் கிறுக்குப் பிடித்துப் பெருகுவதுதான் மெலனோமா. தோலோடு இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஈரல், நுரையீரல், மூளை என்று குடியேறிவிட்டால் முற்றிய கட்டம். வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் இது அதிகம். 'நாம கறுப்பு, தப்பிச்சோம்' என்று காலாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டுகிற அந்தக் காலைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலில் அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் வந்து உட்காரும். பாப் மார்லிக்கு வந்தது கால்விரல் நகத்தடியில். 1981இல், 36 வயதில் போய்விட்டார்.

இனி ஹீரோ என்ட்ரி. 1890, நியூயார்க். வில்லியம் கோலி என்ற 28 வயது சர்ஜனிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி கைவலி என்று வந்தாள். எலும்புக் கேன்சர். கையை வெட்டியும் சில மாதங்களில் இறந்துவிட்டாள். கோலிக்குத் தூக்கம் போயிற்று. ஆஸ்பத்திரியின் பழைய ரிக்கார்டுகளைக் குடைந்தபோது ஒரு விசித்திரம் சிக்கியது. கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று கைவிடப்பட்ட ஒருவருக்கு, எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்திருக்கிறது. முகம் சிவந்து வீங்கி, காய்ச்சல் கொதித்து, கடைசியில் கட்டியையும் காணோம். வேறு டாக்டராக இருந்தால் 'ஆண்டவன் செயல்' என்று ஃபைலை மூடியிருப்பார். கோலி, ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் மாதிரி மன்ஹாட்டன் ஒண்டுக்குடித்தனங்களில் வீடுவீடாக ஏறி இறங்கினார். ஆள் கிடைத்தார். ஏழு வருஷமாகக் கட்டியில்லாமல் கல்லு மாதிரி இருந்தார்.

அடுத்து கோலி செய்ததை இன்றைக்கு யாராவது செய்தால் நேராக ஜெயில். கழுத்தில் கட்டியோடு வந்த ஒரு இத்தாலியருக்கு உயிருள்ள கிருமியையே ஊசியில் ஏற்றினார். உள்ளூர்க் கிருமி சரியாகப் பிடிக்கவில்லை. ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் கோக்கின் ஆய்வகத்திலிருந்து வீரியமான சரக்கை வரவழைத்துப் போட்டார். காய்ச்சல் 105 டிகிரி. ஆள் இன்றோ நாளையோ என்று கிடந்தார். கட்டி மட்டும் கரைந்து ஒழுகியது. மனுஷன் அதற்குப் பிறகு எட்டு வருஷம் போல இருந்தார்.

பிறகு கோலி கொஞ்சம் மனமிரங்கி, செத்த கிருமிகளின் கலவைக்கு மாறினார். 1899இல் பார்க்-டேவிஸ் கம்பெனி அதைப் பாட்டிலில் விற்கவும் ஆரம்பித்தது. வினை என்னவென்றால், கோலியின் மருந்து பாட்டியின் ரசம் மாதிரி. எல்லாம் கைப்பக்குவம். ஒருநாள் இந்த அளவு, இன்னொரு நாள் அந்த அளவு. ஒருவருக்குக் கட்டியில் ஊசி, இன்னொருவருக்குப் பின்புறத்தில். ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பின்னால் கோலி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவருக்கு மேலே இருந்த ஜேம்ஸ் யூயிங், புது மாப்பிள்ளை ரேடியத்தின் கட்சி. கோலியின் கஷாயம் பரணுக்குப் போயிற்று. 1936இல் கோலியும் போய்ச் சேர்ந்தார்.

கோலிக்குத் தெரியாமல் போனது இதுதான். உடம்பில் டி செல் என்றொரு படை ஏற்கெனவே இருக்கிறது. கேன்சரை அடையாளம் கண்டு அடிக்கும் தெம்பும் அதற்கு உண்டு. வண்டி ஓடாமல் நிற்கிறதே என்று கோலி பின்னாலிருந்து தள்ளினார். பின்னால் வந்தவர்களும் தள்ளினார்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தள்ளியவர்களில் பயில்வான் ஸ்டீவன் ரோஸன்பெர்க் என்ற சர்ஜன். 1968இல், வயிற்றுக் கேன்சர் 12 வருஷத்துக்கு முன் தானாகவே மறைந்துபோன ஒருவரைப் பார்த்தார். அவருடைய ரத்தத்தை எடுத்து இன்னொரு கேன்சர் நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் டி செல்லுக்குத் தீனியான இன்டர்லூக்கின்-2. அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் பலிக்கவில்லை. 1984இல் மெலனோமா முற்றிய ஒரு பெண்ணுக்குப் பலித்துவிட்டது, கட்டிகள் மறைந்தன. ஆனால் மருந்து லேசுப்பட்டதல்ல. ரத்தக் குழாய்கள் ஓட்டைக் குடமாகி, பிரஷர் இறங்கி, ஐசியூவில் படுக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் கேட்டது.

கடைசியில் குனிந்து பார்த்தவர் ஜேம்ஸ் அலிசன். டெக்சாஸ்காரர், ஹார்மோனிகா வாசிப்பவர், அம்மாவைச் சின்ன வயதிலேயே லிம்ஃபோமாவுக்குப் பறிகொடுத்தவர். டி செல் மேல் சிடிஎல்ஏ-4 என்றொரு புரதம் உண்டு. அது ஆக்சிலரேட்டர் என்று சில பண்டிதர்கள் சாதித்தார்கள். அலிசன் 'பிரேக்கய்யா அது' என்றார். 1994 கிறிஸ்துமஸ் சமயம், பிரேக்கை மறிக்கும் ஆன்டிபாடியை எலிகளுக்குப் போட்டபோது கட்டிகள் மாயமாயின. அலிசனுக்கே நம்பிக்கை வரவில்லை. உடனே இன்னொரு தடவை என்றார். சோதனை செய்த சிஷ்யர் ஐரோப்பாவுக்கு லீவில் கிளம்பிவிட்டார். அலிசன், எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று தனக்கே தெரியாதபடி வைத்துக்கொண்டு, விடுமுறை முழுக்க எலிக் கட்டிகளை அளந்துகொண்டிருந்தார். முதலில் எல்லாக் கட்டியும் வளர்ந்தது. போச்சுடா என்று நினைத்த நேரத்தில் பாதி எலிகளின் கட்டி நின்றது, பிறகு சுருங்கியது, பிறகு காணோம்.

மருந்துக் கம்பெனிகளின் வாசலில் அவர் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது தனிக்கதை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் ஒரு கூத்து. ஸ்கேனில் சிலருக்குக் கட்டி பெரிதாகியிருக்கும். உள்ளே புகுந்த டி செல் கூட்டத்தால் வந்த வீக்கம். ரெய்டுக்கு வந்த போலீஸ் ஜீப்பையும் சேர்த்து எண்ணி, 'ரவுடிகள் பெருத்துவிட்டார்கள்' என்று எழுதின மாதிரி. இதே பிரேக்கை மறிக்கும் தன் மருந்தின் சோதனையை ஃபைசர் 2008இல் நிறுத்தியே விட்டது. போட்டிக் கம்பெனியோ, கட்டியை அளக்காமல் ஆள் இருக்கிறாரா என்று எண்ணியது. ஆள் இருந்தார். 2011இல் அலிசனின் பிரேக் மறிப்பு, இபிலிமுமாப் என்ற மருந்தாக வந்தது.

இரண்டாவது பிரேக் கியோட்டோவில் கிடைத்தது. 1992இல் தசுகு ஹோன்ஜோவின் குழு, செல் எப்படிச் சாகிறது என்று தேடப்போய் பிடி-1 என்ற புரதத்தில் இடறியது. டி செல் அடிக்க வரும்போது கேன்சர் செல் ஓடாது. ஒரு கையை நீட்டி, 'என்னண்ணே, என்னைத் தெரியலையா? நம்ம வீட்டுப் பையன்தான்' என்று டி செல்லின் பிடி-1ஐப் பிடித்துக் குலுக்கும். 'சரி சரி, பார்த்துப் போ' என்று டி செல்லும் லத்தியைக் கீழே போட்டுவிடும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் இந்தக் கைகுலுக்கலின் நடுவில் போய் நிற்கிற மருந்துகள். கேன்சரை அவை தொடுவதே இல்லை. பெம்ப்ரோலிசுமாப் ஒரு டச்சு ஆய்வகத்தில் பிறந்து, கம்பெனிகள் ஒன்றை ஒன்று விழுங்க விழுங்க இரண்டு தடவை வீடு மாறி, மெர்க்கில் 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' பட்டியலில் கிடந்தது. இபிலிமுமாபின் ரிசல்ட் வந்ததும் பரணில் ஏறித் தூசி தட்டினார்கள். 2023இல் உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்து அதுதான். அலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல்.

பிரேக் இல்லாத வண்டி ஸ்டாப்பில் மட்டும் நிற்குமா? தைராய்டு, குடல், ஈரல், நுரையீரல் என்று டி செல் கண்டபடி இடிக்கும், சில சமயம் மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும். இந்த மருந்தில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மோர் குடித்துச் சமாளிக்கக் கூடாது; உடனே டாக்டருக்குப் போன். பிரேக்கைப் பிடுங்கிய அதே டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்துத் திரும்பவும் பிரேக்கை மிதிப்பார். தோலில் வெண்புள்ளி வந்தால் மட்டும் அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் தெரியும். படை நிறச் செல்களைத்தான் தேடித் தேடி அடிக்கிறது என்பதற்கு அது சாட்சி. இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துக் கொடுத்தால் கடுமையான பக்கவிளைவு பாதிப் பேருக்கு மேல் வருகிறது. ஆனால் ஒரு வருஷம் தாண்டுவதே கஷ்டமாக இருந்த நோயில், அந்த ஜோடி மருந்து வாங்கியவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருஷம் கழித்தும் இருக்கிறார்கள்.

முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015 ஆகஸ்டில் மெலனோமா ஈரலிலும் மூளையிலும் இருந்தது. வயது 90. கினி புழு நோயை ஒழிக்கப் பல வருஷம் பாடுபட்டவர். நம் ஊரில் நரம்புச் சிலந்தி என்போமே, அதே புழு. கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டு, ஆபரேஷன், ரேடியேஷனோடு பெம்ப்ரோலிசுமாபும் ஏற்றிக்கொண்டார். டிசம்பரில், தன் ஊர்ச் சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கும்போது, மூளையில் கேன்சரைக் காணோம் என்றார். 2024 டிசம்பர் 29இல், நூறைத் தாண்டித்தான் கண்ணை மூடினார். அந்த வருஷம் உலகம் முழுக்க இருபது பேருக்கும் குறைவாகத்தான் அந்தப் புழு வந்திருந்தது. மயிரிழையில் புழு ஜெயித்துவிட்டது.