ஆங்கிலக் காய்கறிகளில் பிராணிகள்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

ஆங்கிலேயர் காய்கறிப் பெயர்களை எழுத்துக்கூட்டிய வரலாற்றை மொழியறிஞர்கள் இதுவரை ஒலியியல் கொண்டே விளக்கி வந்துள்ளனர். அவர்கள் அடுக்களைப் பக்கம் போனதில்லை போலும். பழைய பாடங்களை ஊன்றி நோக்கின் அவற்றுள் உயிரினங்கள் நடமாடுவது புலனாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று வெள்ளரிக்காய். இன்று 'குகும்பர்', அன்று 'கௌகம்பர்'. முன்பாதி, ஐயத்துக்கு இடமின்றி, பசு. லண்டன் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ், தெரிந்தவர் ஒருவர் கௌகம்பர் தின்று இறந்துபோனதாக 1663 ஆகஸ்ட் நாட்குறிப்பில் எழுதுகிறார். (அவர் எழுதியது சுருக்கெழுத்தில், பசுவை ஏற்றியவர் பெயர்த்தெழுதியவரோ என்று கேட்போர் உளர். கேட்கட்டும்.) பசு நீங்கிய பாடத்தை உண்டு மாண்டவர் எவரும் எம் பார்வைக்கு வரவில்லை. ஆகவே நஞ்சு காயில் இல்லை, எழுத்தில் இருந்தது.

அடுத்தது ஆஸ்பராகஸ், நம் தண்ணீர்விட்டான்கிழங்கின் பங்காளி. இதனுள் புகுந்தது சிட்டுக்குருவி: 'ஸ்பேரோகிராஸ்', அதாவது குருவிப்புல். 1667இல் அதே பீப்ஸ் ஃபென்சர்ச் தெருவில் நூறு தண்டு 18 பென்ஸுக்கு வாங்கிவந்து சால்மன் மீனோடு சாப்பிட்டிருக்கிறார்; குருவிக்குத் தனி விலை போட்டதாகத் தெரியவில்லை. 1791இல் உச்சரிப்பு அகராதி செய்த ஜான் வாக்கரோ, ஊரே குருவி என்கையில் 'ஆஸ்பராகஸ்' என்று திருத்தமாகச் சொல்வது புலமைப் பகட்டாகத் தோன்றும் என்று ஒப்புக்கொண்டார். வெள்ளரியிலிருந்து பசுவை ஓட்டுவதும் இனி ஆகாது என்று விட்டுவிட்டார். பசுவும் குருவியும் பிற்பாடு தாமாகவே வெளியேறின.

ஆர்ட்டிச்சோக்கின் முன்னால் ஓர் 'எச்' ஒட்டி 'ஹார்ட்டிச்சோக்' ஆனபோது அதில் கலைமான் நுழைந்தது. மானன்று, இதயம் என்பாரும் உண்டு. அவர் கருத்து மறுக்கப்படுகிறது. பட்டாணி 'பீஸ்' என்னும் ஒருமையாக இருந்து, பன்மையென மயங்கப்பட்டுக் கடைசி ஒலியை இழந்தது. எஞ்சிய வடிவைத் தமிழில் எழுத நாகரிகம் இடந்தரவில்லை. 'டர்னிப்' முன்பு 'டர்னெப்'. இவ்விரண்டிலும் பிராணி அகப்படாமையால் இவை ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன.

உருளைக்கிழங்குக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டு நூல்களில் 'பொட்டேட்டோ'வின் வாலில் ஓர் ஈ உட்கார்ந்திருப்பதைக் காணலாம். 1992 ஜூனில் நியூ ஜெர்சி மாநிலம் டிரெண்டன் நகரப் பள்ளியொன்றில், கரும்பலகையில் பிழையின்றி எழுதிய மாணவனிடம் அந்த ஈயைச் சேர்க்கச் சொன்னார் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல். நாடே சிரித்தது. கையில் தந்த அட்டையிலேயே ஈ இருந்தது என்பது அவர் தரப்பு. பன்மையில் ஈ கட்டாயம், ஒருமையில் விலக்கு என்பது இன்றைய விதி. நியாயந்தான்: ஒற்றைக் கிழங்கை எந்த ஈ சீந்தும்? குவித்து வைத்தால்தான் மொய்க்கும்.