அப்பள டப்பாவும் நூறு மில்லிமீட்டர் லென்ஸும்

எங்கள் வீட்டில் பொரித்த அப்பளம் நமுத்துப்போனால் அதற்குக் காரணம் நான். காற்றுப் புகாத நல்ல டப்பா ஒன்று இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு லென்ஸ் வைக்க அதை எடுத்துக்கொண்டேன். தாம்பரத்து ஐப்பசி ஈரத்தில் லென்ஸ் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும். பிடித்துவிட்டால் லேசில் போகாது. லென்ஸா அப்பளமா என்று பேச்சு வந்தபோது குடும்பத் தலைவன் என்ற பதவியை ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன். அன்று முதல் பந்தியில் அப்பளத்திலிருந்து சத்தம் வருவதில்லை. மனைவியிடமிருந்து வருகிறது.

அது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். விலை என்று வீட்டில் நான் சொன்ன தொகையில் பொய் இல்லை, பாதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பூச்சியின் உருவத்தைச் சென்சார் மேல் அசல் அளவிலேயே விழவைக்கும். சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். அதாவது ஒரு கட்டெறும்பு அதில் ராஜா மாதிரி உட்காரும். இதற்கு விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். அவ்வளவு நெருங்கினால் எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 16 வைத்தால் இரண்டு. இன்னும் துவாரத்தைக் குறுக்கினால் ஒளி சிதறிப் படம் முழுக்க மசமசத்துப் போகும். ஆக, பூச்சிக்கு மூக்கு தெரிந்தால் காது தெரியாது. காது எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்டால், அதுவும் தெரியாது.

ஒரு மில்லிமீட்டருக்கு வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டி, தெளிவு வரும் கணத்தில் அமுக்க வேண்டும். மூச்சையும் பிடிக்க வேண்டும். பிளாஷ் வெளிச்சம் பூச்சியின் முதுகில் பளிச்சென்று அடிக்காமலிருக்கக் கேக் வாங்கிய வெள்ளை அட்டைப்பெட்டியை வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டி, கேமராவுக்குத் தலைப்பாகை கட்டியிருக்கிறேன். காலை ஆறரை மணிக்கு மொட்டைமாடியில், லுங்கியோடு, கேக் பெட்டியைக் கறிவேப்பிலைச் செடிக்குக் காட்டி ஆடும் என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இந்த நிலைமையில்தான் திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்தார். கையில் மகன் கழித்துக்கட்டிய போன். அடுத்த நாள் காலை, நான் ஆடிக்கொண்டிருந்த அதே செடிக்கு அவரும் வந்தார். ரசத்துக்கு நாலு இணுக்கு வேண்டும்.

"மாப்ள, ஒரு புழு செடியவே மொட்டை அடிக்குதே, பாக்கலியா?"

"பார்த்துட்டேன் அத்தை. அதைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

"எடுத்து அந்தப் பக்கம் போடுங்க."

நான் எடுப்பது வேறு என்று விளக்கினேன். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரி இலைமேல் கிடக்கும், பறவை தொடாது. வளர்ந்தால் இலைப் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து பிளந்த நாக்கு மாதிரி சிவப்பாக ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அத்தை கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் போனைப் புழுவுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நீட்டினார். போன் தானாகவே கிட்டத்துக் கேமராவுக்கு மாறிக்கொண்டது. ஒரு டிக். இணுக்குகளை ஒடித்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

நான் இன்னும் ஒன்றரை மணி நேரம் எடுத்தேன். மேக்ரோக்காரர்களின் முதல் வேதம், கண் தெளிவாக இருக்க வேண்டும் என்பது. மற்றதெல்லாம் மங்கினாலும் மன்னிப்பு உண்டு. 140 படங்களில் ஒன்றில் கண் ஊசி குத்தின மாதிரி விழுந்திருந்தது. கருவிழி, வெள்ளை விளிம்பு, எல்லாம். மற்றவை பச்சைப் பஞ்சு. பெருமையோடு குடும்பக் குழுவில் போட்டேன். அதற்கு மேலே அத்தையின் படம் ஏற்கெனவே கிடந்தது. நாலு சென்டிமீட்டர் புழு, தலை முதல் வால் வரை, கடித்த இலையோடு.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மைத்துனர் மகள் எழுதினாள்: "மாமா, அது கண் இல்லை. பறவையைப் பயமுறுத்த உடம்பில் இருக்கும் பொய்க்கண். நிஜத் தலை அதற்குக் கீழே சின்னதாக மடங்கி இருக்கும். பாட்டி படத்தில் பாருங்கள்."

பார்த்தேன். இருந்தது. பறவைக்கு வைத்த பொறியில் பறவை விழுந்ததோ இல்லையோ, நான் விழுந்துவிட்டேன்.

போனுக்கு இது எப்படி முடிந்தது என்று ஆராய்ந்தேன். (தோற்றவன்தான் ஆராய்ச்சி செய்வான்.) அதன் சென்சார் சுண்டுவிரல் நகம், லென்ஸும் அகலப் பார்வை. அதனால் தெளிவு ஆழமாக விழுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் நுணுக்கமெல்லாம் பெயிண்ட் அடித்த மாதிரி ஒட்டியிருக்கும். ஆனால் குழுவில் யார் பெரிதாக்குகிறார்கள்? 6000 பிக்சல் அகலத்தில் நான் எடுத்ததை வாட்ஸ்அப் நசுக்கி அத்தை படத்துக்குச் சமமாக்கிவிட்டதே!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அது புழு என்பதால் போன் ஜெயித்தது. ஓடாத ஆளிடம் யாரும் வீரம் காட்டலாம். குதிக்கும் சிலந்தியிடம் போகட்டும். போன் நிழல் விழுந்த உடனே அது அடுத்த தொட்டிக்குத் தாவிவிடும். என் லென்ஸ் ஒரு சாண் தள்ளி நின்றே அதன் முகத்தை வாங்கும். மறுநாளே வாங்கிக் காட்டினேன். எட்டுக் கண், எட்டும் நிஜம். முன்னால் பெரிதாக இருக்கும் இரண்டிலும் என் கேக் பெட்டி வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது.

"அடேயப்பா, நம்மளயே மொறைக்குதே," என்று அத்தை வியந்தார். வியந்ததோடு விடாமல், கேமராவின் திரையை அப்படியே தன் போனில் ஒரு படம் எடுத்துக் குழுவில் அனுப்பினார். ஓரத்தில் என் கட்டைவிரலும் டியூப்லைட்டும் விழுந்திருந்தன. பத்து நிமிடத்தில் இருபத்தாறு கைதட்டல். "அம்மா, பிரமாதம்! என்ன போன் அது?" என்று பெரிய மைத்துனர் கேட்டிருந்தார். போனைக் கழித்துக் கொடுத்தவரே அவர்தான்.

அன்று மத்தியானம் அப்பளம் நொறுங்கியது. தெருவுக்கே கேட்டிருக்கும். மூன்று வருடத்தில் முதல் முறை. லென்ஸ் எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தண்ணியில விழுந்த போனை அரிசியிலதான் மாப்ள போட்டு வைப்போம்," என்றார் அத்தை, இரண்டாவது அப்பளத்தை என் இலையில் வைத்துக்கொண்டே.

சாப்பிட்டு முடித்ததும் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு அரிசி டிரம்மைத் திறந்தேன்.