கையில் கட்டிய ரிமோட்

2013-இல் அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் எனக்கு ஒரு பெபிள் கடிகாரம் கொடுத்தான். கறுப்பு பிளாஸ்டிக் உடல், கறுப்பு வெள்ளைத் திரை, வலப்பக்கம் மூன்று பொத்தான், இடப்பக்கம் ஒன்று. நேரம் காட்டும், போன் வந்தால் அதிரும். எனக்குப் பிடித்தது வேறு. பைக்குள் இருக்கும் போனில் ஓடும் பாட்டு கடிகாரத்தின் சொல்லைக் கேட்கும். நடுப் பொத்தானை அழுத்தினால் பாட்டு நிற்கும், இன்னொரு முறை அழுத்தினால் தொடரும். கீழ்ப் பொத்தான் அடுத்த பாட்டு, மேல் பொத்தான் முந்தைய பாட்டு.

காலை நேரத் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் போனை வெளியே எடுக்க இடமிருக்காது. மேலே கைப்பிடியைப் பிடித்தபடியே மற்றக் கையால் கடிகாரத்தைத் தடவி அழுத்துவேன். இளையராஜா முடிந்து ரகுமான் வருவார், கண் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். உச்சி வெயிலிலும் திரை பளிச்சென்று தெரியும். வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

அந்தக் கடிகாரத்தை உருவாக்கியவர் எரிக் மிகிகோவ்ஸ்கி என்ற கனடா இளைஞர். 2012-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார்; 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் கம்பெனி நின்றது, மென்பொருளும் அதை எழுதியவர்களில் பலரும் ஃபிட்பிட் என்ற இன்னொரு கம்பெனிக்குப் போனார்கள். 2018 ஜூன் 30-உடன் சர்வர்களும் ஓய்ந்தன. வானிலை, குரல்வழிப் பதில், புதிய செயலிகள் எல்லாம் அந்தச் சர்வரை நம்பியிருந்தவை. பாட்டை மாற்றும் வேலை மட்டும் கடிகாரத்துக்கும் போனுக்கும் நடுவே புளூடூத்தில் நேராக நடப்பது. அதனால் அது பிழைத்தது.

இன்று என் மகள் கட்டியிருக்கும் கடிகாரம் இதயத் துடிப்பை அளக்கிறது, தூக்கத்தைக் கணக்கிடுகிறது. அந்த வசதிகளின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பாட்டை மாற்ற அவள் திரையைப் பார்த்தாக வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் தொடுதிரை அடம்பிடிக்கும். இரவுதோறும் சார்ஜ் போட வேண்டும். கணக்கைத் திறந்து உள்நுழையாமல் பாதி வசதி வேலை செய்யாது.

பெபிளைக் கைவிடாத ஆர்வலர்கள் ரெபிள் என்ற பெயரில் சேர்ந்து, நின்றுபோன சேவைகளைத் தாங்களே நடத்தினார்கள். ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெபிள் மென்பொருளின் மூலநிரலில் பெரும்பகுதியைப் பொதுவில் வெளியிட்டது. மிகிகோவ்ஸ்கி அதே மென்பொருளில் மறுபடி கடிகாரம் செய்ய இறங்கினார். கடை மூடும் ஒவ்வொரு கம்பெனியும் இப்படி நிரலைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். அதைச் சட்டமே கேட்க வேண்டும்.

அடுத்த கடிகாரம் வாங்கும்போது விலையையும் வசதியையும் பார்ப்பதோடு, "கம்பெனி மூடினால் இது எதையெல்லாம் செய்யும்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத பொருளுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.