உபயம்: கோல் இந்தியா

அவர் குடிக்கும் காப்பியை அவர் வாங்குவதில்லை. ஐடிசி வாங்கித் தருகிறது. ஆட்டோவுக்குக் கொடுப்பது ஓஎன்ஜிசி. பினாங்கில், ஜார்ஜ் டவுனில் அறை எடுத்து மூன்று வாரம் தங்கினாரே, அந்தச் செலவு முழுக்கக் கோல் இந்தியாவுடையது. எல்லாமே அவருடைய சொந்தக் காசுதான். ஆனால் அப்படிச் சொல்லிப் பாருங்கள், முகம் வாடிவிடும்.

கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வர இடம் விடாமல் உபயதாரர் பெயரைச் சிவப்பு பெயின்டில் எழுதிவைப்பார்களே, அதுபோல இவருடைய ஒவ்வொரு செலவின் மீதும் ஒரு கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். வியட்நாமின் ஹோய் ஆனிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்புவார். ஆறு இருக்கும், காகித விளக்குகள் இருக்கும், தொப்பி வைத்துக்கொண்டு இவர் இருப்பார். கீழே ஒரு வரி: "உபயம்: பவர் கிரிட், இடைக்கால டிவிடெண்ட்." பெரியம்மா உடனே கைகூப்பும் பொம்மையைப் போடுவாள். பவர் கிரிட் எந்த ஊர்ச் சாமி என்று அவள் இதுவரை கேட்கவில்லை.

நாற்பத்தாறு வயதில் ஓஎம்ஆர் வேலையை விட்டுவிட்டு, மேடவாக்கம் ஃபிளாட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பையோடு கிளம்பியவர். தொழில் என்ன என்று யாராவது கேட்டால் "முழுநேரப் பயணி" என்பார். சம்பளம் யார் தருகிறார்கள் என்று அடுத்த கேள்வி வர வேண்டும். வராவிட்டால் அவரே கேட்டு அவரே பதில் சொல்வார்: பங்குகளின் டிவிடெண்ட்.

அவரோடு ஒரு காப்பி சாப்பிடுவது சாதாரண விஷயமில்லை. 2023-24இல் ஐடிசி ஒரு பங்குக்குக் கொடுத்தது 13 ரூபாய் 75 காசு. காப்பி நாற்பது ரூபாய் என்றால், அது மூன்று ஐடிசி பங்குகள் ஒரு வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்தது. டபராவைக் கையில் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுவார். ஆறிய பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார். பில் வந்ததும் எதிரே இருப்பவரைப் பார்ப்பார், ஏனென்றால் அந்தத் தவணையின் ஐடிசி பணம் போன வாரமே தீர்ந்துவிட்டது. ஐடிசி சிகரெட் விற்கும் கம்பெனி. இவருக்கோ சிகரெட் வாசனையே ஆகாது. ஆனாலும் டீக்கடை வாசலில் ஒருவன் பற்றவைத்தால் நகர மாட்டார். அவனைப் பாசத்தோடு பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்வார்: "ஊதட்டும் சார். என் ஹனோய் டிக்கெட்ல இவன் பங்கும் இருக்கு."

வடபழனியில் நெக்சஸ் விஜயா மாலுக்குள் அவரோடு போகவே கூடாது. அந்த மாலை வைத்திருக்கும் நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் 2023 மே மாதம் யூனிட் 100 ரூபாய்க்குப் பங்குச்சந்தைக்கு வந்தது. இவர் கொஞ்சம் வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து அது "நம்ம மால்". எந்தத் தளத்தில் எந்தக் கடை காலியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நடப்பார். ஷட்டர் மூடியிருந்தால் பெருமூச்சு. துணிக்கடையில் கூட்டம் இருந்தால் வாசலில் நின்று ரசிப்பார். ஃபுட் கோர்ட்டில் மேஜை துடைக்கவில்லை என்று துடைக்கும் பையனைக் கூப்பிட்டு அதட்டியதும் உண்டு. அந்தப் பையனுக்கு இவர் யார் என்று தெரியாது. மாலுக்கும் தெரியாது. வாடகை முதலான வரவில் பிரித்துக் கொடுக்கத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை யூனிட்காரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது செபி விதி என்று அந்தப் பையனிடமே விளக்கினார். மூன்று மணி நேரம் ஏசியில் சுற்றிவிட்டு, ஒரு பொட்டலம் பாப்கார்ன்கூட வாங்காமல் வெளியே வந்தார்.

ரயிலில் இன்னொரு தொல்லை. ஜன்னலுக்கு வெளியே உயர்மின் கோபுரம் தென்பட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். பவர் கிரிட் இன்விட் என்ற மின்தட டிரஸ்ட் யூனிட்டுக்குக் காலாண்டுதோறும் மூன்று ரூபாய் கொடுத்துவந்தது. அந்த விசுவாசம். செங்கல்பட்டுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இப்படி உருகிக்கொண்டிருந்தவரிடம், எதிர் சீட்டில் இருந்த மின்வாரியக்காரர் ஒருவர், அந்த இன்விட்டின் கையில் இருக்கும் திட்டங்கள் விசாகப்பட்டினம், காலா அம்ப், பர்லி, வரோரா, ஜபல்பூர் என்றுதான் இருக்கின்றன, இந்தக் கோபுரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த மாதமே விசாகப்பட்டினம் போய், வயல்வெளியில் நின்று ஒரு கோபுரத்தோடு படம் எடுத்து அனுப்பினார். அது அந்தக் கோபுரம்தானா என்று யாரும் கேட்கவில்லை. உபயம் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

எம்ஆர்எஃப் கதைதான் எல்லாவற்றுக்கும் சிகரம். 2023 ஜூனில் அந்தப் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் வேறு எந்தப் பங்கும் அதற்கு முன் தொட்டதில்லை. சென்னைக் கம்பெனி, திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்தது, விடலாமா என்று இவரும் ஒரே ஒரு பங்கு வாங்கினார். கம்பெனி இடைக்கால டிவிடெண்ட் 30 சதவீதம் என்று அறிவித்தது. தங்கையிடம் ஓடிவந்து 30 சதவீதம் என்றார். அவள் வாய்பிளந்தாள். சதவீதம் என்பது பங்கின் முகமதிப்பான பத்து ரூபாயின் மேல் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: மூன்று ரூபாய் வரவு.

மூன்று ரூபாய்க்கு உபயம் போட இந்த ஊரில் என்ன கிடைக்கும்? இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் அம்மா உணவகத்துக்குப் போய்த் தயிர் சாதம் சாப்பிட்டார். 2013இல் திறந்தபோது வைத்த விலை, சரியாக மூன்று ரூபாய். தட்டைப் படம் பிடித்து, "மதிய உணவு, உபயம்: எம்ஆர்எஃப்" என்று அனுப்பினார். ஆண்டு முடிவில் கம்பெனி 194 ரூபாய் இறுதி டிவிடெண்ட் கொடுத்து மானத்தைக் காப்பாற்றியது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இப்போதும் கிரீம்ஸ் ரோட்டில் அந்தத் தலைமை அலுவலகத்தைப் பஸ் கடக்கும்போது எழுந்து நிற்பார்.

கணக்கைக் கொஞ்சம் கிளறினால் சிரிப்பு குறைகிறது. நிஃப்டி 50 பங்குகளை அப்படியே வாங்கிப் போட்டால் டிவிடெண்ட் என்று வருவது ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டித்தான். ஒரு கோடி ரூபாய் போட்டவருக்கு மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். அதில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் முழுநேரப் பயணம் செய்யலாம். அதனால்தான் இவர் நிலக்கரி, எண்ணெய், மின்கம்பி என்று அரசாங்கக் கம்பெனிகளின் பக்கம் சாய்ந்தது. வங்கி டெபாசிட்டிலேயே இதைவிட அதிகம் வருமே என்று அவர் முன்னால் சொல்லக் கூடாது. டெபாசிட் வளராது என்பார். அதில் உண்மை உண்டு.

பங்கு எப்போதும் வளரும் என்பதும் இல்லை. வேதாந்தா 2022-23இல் ஐந்து தவணையாக ஒரு பங்குக்கு 101 ரூபாய் 50 காசு கொடுத்தது. அந்த வருஷம் இவர் ஜார்ஜியா போனார், டிபிலிசியில் திராட்சை ரசம் பற்றியெல்லாம் பேசினார். அடுத்த வருஷம் அதே கம்பெனி கொடுத்தது 29 ரூபாய் 50 காசு. இவர் கோகர்ணம் போனார். இதற்கு நடுவில் பங்கின் விலையும் கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கியிருந்தது. அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் படம் எதுவும் வரவில்லை.

போகும் இடத்தைவிடப் போகும் மாதம்தான் பரிதாபம். நம்மூர்க் கம்பெனிகள் பெரும்பாலும் செப்டம்பர் 30க்குள் பொதுக்கூட்டம் நடத்தி, அறிவித்த 30 நாளுக்குள் இறுதி டிவிடெண்டைக் கொடுக்கின்றன. ஆக, கையில் பணம் புரளும் மாதங்கள் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். கோவாவில் கொட்டும் மழை, பாங்காக்கிலும் அதே, ஹோய் ஆனில் தெருவிலேயே ஆறு. அமெரிக்காவில் மாதாமாதம் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு என்று ஏக்கத்தோடு சொல்வார். மழையில் அறையைவிட்டு வெளியே போக முடியாமல் ஆண்டறிக்கை படிப்பார். முந்நூறு பக்கத்தையும் படிப்பார். வெறும் படம் பார்க்கிறவர் இல்லை. கோல் இந்தியாவை 2010 வெளியீட்டில் 245 ரூபாய்க்கு வாங்கி, 2020இல் அது 120க்குக் கீழே போனபோதும் விற்காமல் இருந்தவர். வீட்டில் எல்லோரும் விற்கச் சொன்னார்கள். 2024இல் அது 500ஐத் தாண்டியபோது யாரையும் குத்திக்காட்டவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் மழை விட்டதும் எங்கே வருகிறார்?

மேற்கு மாம்பலத்தில் தங்கை வீட்டுக்கு. மேடவாக்கம் ஃபிளாட்டில் வாடகைக்காரர் இருக்கிறார், வேறு எங்கே போவது? அந்த வாடகை மாதம் தவறாமல் அவர் கணக்கில் விழுகிறது, எந்த டிவிடெண்டைவிடவும் ஒழுங்காக. அதற்கு மட்டும் உபயம் எழுதிப் பார்த்ததில்லை. காலை ஏழரைக்குத் தங்கை கணவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு மின்சார ரயிலுக்கு ஓடும்போது, ஊஞ்சலில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, இன்னும் எத்தனை வருஷம் இப்படி ஓடப் போறீங்க? பணத்தை வேலை செய்ய விடுங்க" என்பார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய பணம் பாலுக்கும் காப்பிப்பொடிக்கும் இரண்டாவது ஏசியின் மின்கட்டணத்துக்கும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. "அண்ணா, இன்னொரு காப்பி வேணுமா?" என்று தங்கை கேட்கிறாள். வேண்டும். அந்தக் காப்பி எத்தனை பங்கு என்று மட்டும் அவர் கணக்குப் போடுவதில்லை.

இந்தத் தடவை அவருக்குக் கொடுத்திருப்பது பையனின் அறை. பத்தாம் வகுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிகளின் காலாண்டு முடிவுக் கூட்டங்களை லேப்டாப்பில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்கிறார். பையன் கூடத்தில், டிவிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில், இயற்பியல் படிக்கிறான். பொதுத்தேர்வு மார்ச்சில். அண்ணன் டிக்கெட் போட்டிருப்பது ஆகஸ்டுக்கு.