அற்பப் பாவம்கூட இல்லையாம்!

தவக்காலம் வந்துவிட்டால் நம் கத்தோலிக்கருக்குப் பக்தி முற்றிவிடும். வெள்ளிக்கிழமை கறி கிடையாது. சிலுவைப்பாதை முடிந்ததும் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு முன்னால் வரிசை. ஊர்ப் பெரியவர் முழங்காலிட்டுக் கிசுகிசுக்கிறார்: "ரெண்டு ஞாயிறு பூசைக்கு வரல சாமி. பொய் சொன்னேன். சாம்பல் புதன் அன்னிக்கு மறந்துபோய் ஆட்டுக்கால் சூப் குடிச்சிட்டேன்." அபராதம்: மூன்று அருள் நிறைந்த மரியே. ஆட்டுக்குக் கணக்குத் தீர்ந்தது.

அன்று ராத்திரியே அவர் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, மாதா தேர் சேரித் தெருவுக்குள் போகக்கூடாது என்று தீர்மானம் போடுவார். சேரி மக்களிடம் திருவிழா வரி வாங்கவே கூடாது. வாங்கினால் நாளைக்கு உரிமை கேட்பார்களாம். இது சாவான பாவம் இல்லை, அற்பப் பாவம்கூட இல்லை. ஊர் வழக்கம்! பெட்டிக்குள் இதை யாரும் சொல்வதில்லை. சாமியும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த மாற்றல் எந்தக் காட்டுக்கு என்று அவருக்குத் தெரியும்.

இந்த ஊர் வழக்கம் பழசு. வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடம் இரண்டு, நடுவே சுவர். பிள்ளைமார் ஒரு பக்கம், நாடார் முதலானோர் மறுபக்கம். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். 1910இல் சுவரை இடித்தார்கள். உடனே பிள்ளைமாரும் முதலிமாரும் ஆயர்மேல் வழக்குப் போட்டார்கள். எதற்கு? சுவரைத் திரும்பக் கட்டித் தரச்சொல்லி! சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் அதைத் தள்ளுபடி செய்தது. பாவத்தைப் பாவம் என்று சொல்ல வெள்ளைக்காரன் கோர்ட் வேண்டியிருந்தது.

சீர்திருத்த சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1833இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியதும் தஞ்சாவூரில் கூட்டம் கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறியவர்கள் உங்கள் ஆட்கள்தான். இன்றைக்கும் மணமகள் தேவை விளம்பரத்தில் 'சி.எஸ்.ஐ.' என்ற மூன்றெழுத்துக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. ஞானஸ்நானத் தண்ணீர் சென்மப் பாவத்தைக் கழுவும், சாதியைக் கழுவாது போலும்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் இதைவிட அழகு. செத்தவர்கள்கூடக் கலந்துவிடக் கூடாது. கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது யார் எந்தப் பக்கம் எழுந்திருப்பது என்று சம்மனசுகளுக்குக் குழப்பம் வரக்கூடாதல்லவா! சர்க்காரின் 1950ஆம் ஆண்டு ஆணையோ, கிறிஸ்தவனாகிவிட்ட தலித் பட்டியல் சாதி இல்லை என்கிறது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று டெல்லி நம்புகிறது. குழி தோண்டுகிறவன் நம்பவில்லை.

எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகளைத் தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். காலமோ தவக்காலம்.

இப்படி ஏதாவது நடந்ததும் பிரசங்கம் தொடங்கும்: எழுபது தரம் ஏழு தரம் மன்னியுங்கள். யாருக்கு இந்தப் புத்திமதி? அடித்தவனுக்கு இல்லை, அடிபட்டவனுக்கு! மனஸ்தாபமே படாதவனுக்கு மன்னிப்பு முன்பணமாகவே போய்ச் சேருகிறது. ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான் சக்கேயு. நம்மூர்ச் சக்கேயு இன்னும் மரத்தைவிட்டே இறங்கவில்லை.

2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களை நேரில் வைத்தே சாதியைக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தன் வீட்டுக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. அறிக்கை அச்சேறியது, தேர் பழைய தெருவிலேயே திரும்புகிறது.

சாமி, வருகிற தவக்காலத்தில் சூப்பை விடுங்கள். உங்கள் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது என்று பெட்டிக்குள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அது ஊர் வழக்கம்" என்கிறவனுக்குப் பாவப்பொறுத்தல் கொடுக்காமல் எழுப்பி அனுப்புங்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு உண்டு.