ஸ்லோ குக்கர் அண்ணன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இவர் ஒருவராவது இருப்பார். வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில். வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில். கல்யாணமாகி இருபது வருஷம் வரை ஐஸ் தண்ணீர் எடுக்க மட்டுமே அடுப்பங்கரைப் பக்கம் போனவர். இன்றைக்கு இவரிடம் மரியாதைக்குக்கூட, “சாப்பிட்டாச்சா அண்ணே?” என்று கேட்டுவிடக் கூடாது. ஆச்சு, இல்லை என்ற பதிலே வராது. “காலைல ஆறு மணிக்குச் சட்டில போட்டது தம்பி, இன்னும் வெந்துக்கிட்டே இருக்கு” என்று தொடங்கி, நம் டீ ஆறும் வரை விடமாட்டார். இவர்தான் ஸ்லோ குக்கர் அண்ணன்.

அண்ணன் ஸ்லோ குக்கரைத் தேடிப் போய் வாங்கவில்லை. கம்பெனி ஆண்டு விருந்தின் லக்கி டிராவில் முதல் பரிசு பெரிய டிவி. அண்ணனுக்கு விழுந்தது ஆறுதல் பரிசு. மேடையில் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். உள்ளே இருப்பது கனமான பீங்கான் சட்டி ஆயிற்றே, கார் நிறுத்திய இடத்துக்குத் தூக்கி வருவதற்குள் தோள்பட்டை இறங்கிவிட்டது. பிறகு அந்தப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, பழைய பூப்பந்து மட்டைக்கும் கோயில் காலண்டர்களுக்கும் இடையில் ஒரு வருஷம் தவம் கிடந்தது.

ஒருநாள் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒரு வெள்ளைக்காரம்மா சட்டியில் கோழியைப் போட்டார், ஏதோ ஒரு சாஸை ஊற்றினார், மூடினார், கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயந்திரம் வந்து மூடியைத் திறந்தால் குடும்பமே கைதட்டுகிறது. அண்ணனை அசைத்தது அந்தக் கைதட்டல்தான். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவருக்கு யாரும் கைதட்டியதில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் படித்தார். படித்ததையெல்லாம் மாமாக் கடையில் கொட்டினார். இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் 1940-ல் இந்தச் சட்டிக்குக் காப்புரிமை வாங்கினாராம். அவருடைய தாயார் லித்துவேனியா நாட்டிலிருந்து போனவர். அங்கே யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறும் இறைச்சியும் போட்ட சட்டியை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்த அடுப்பின் சூட்டிலேயே அது ராத்திரி முழுக்க வேகும். அம்மா சொன்ன இந்தக் கதையை வைத்து மகன் மின்சாரத்தில் ஒரு சட்டி செய்தார். 1970-ல் ரைவல் என்ற கம்பெனி அதை வாங்கி, மறு வருஷமே ‘கிராக்-பாட்’ என்று பெயர் சூட்டிச் சந்தைக்கு விட்டது. வேலைக்குப் போகும் அமெரிக்கப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் இவ்வளவையும் சொல்லி முடித்து, “பாத்தீங்களா, ஓய்வு எடுக்கறதுக்காகவே கண்டுபிடிச்ச சமையல் இது” என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களும் அப்போது ஓய்வைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அண்ணன் அடிக்கடி சொல்வது, “ரொம்ப ஈஸி. போடணும், மூடணும், போகணும்.” யார் போடணும், அதற்கு முன்னால் யார் என்னென்ன செய்யணும் என்பது அவர் பேச்சில் வராது.

பசாரில் நின்று கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டச் சொல்லி வாங்கி வந்தவர் அண்ணி. மஞ்சள் போட்டு அலசியவரும் அண்ணி. சின்ன வெங்காயம் உரித்தவர் அண்ணனின் அம்மா. இஞ்சி பூண்டு இடித்தவள் மகள். அண்ணன் சட்டியை மேடையில் வைத்து ஒயரை நேராக்கினார்.

அந்த வீடியோவில் வராத சங்கதி ஒன்று உண்டு. நம் வீட்டுக் கோழிக் குழம்புக்குத் தாளிப்பு வேண்டும். ஸ்லோ குக்கரை எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் சட்டிக்குள் சூடு கொதிநிலையைத் தாண்டாது. வெங்காயம் சிவக்க அது போதாது. பட்டையும் சோம்பும் கருவேப்பிலையும் எண்ணெயில் வெடிக்க அது போதவே போதாது. மசாலாவைப் பச்சையாகப் போட்டு மூடினால் எட்டு மணி நேரம் கழித்துத் திறக்கும்போதும் பச்சை வாடைதான் முகத்தில் அடிக்கும். ஆகவே காலை ஐந்தரைக்கு அண்ணி எழுந்து, வாணலியில் தாளித்து, வெங்காயத்தை வதக்கி, தண்ணீரில் குழைத்த பாபாஸ் கறித்தூளை எண்ணெய் பிரியும் வரை கிளறி, கோழியைப் போட்டு நாலு புரட்டுப் புரட்டி, வாணலியை அண்ணன் கையில் கொடுக்கிறார். அண்ணன் அதைச் சட்டியில் சாய்த்து மூடி போடுகிறார். படம் எடுப்பது இந்த இடத்தில்தான். “இன்று என் கைப்பக்குவம்” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஏறுகிறது.

இவ்வளவு தூரம் வந்துவிட்ட கோழி அதே வாணலியில் இன்னும் அரை மணி நேரம் கிடந்தால் வெந்துவிடும். அண்ணி அதை வாய் திறந்து சொல்வதில்லை. அவருக்கும் இருபது வருஷ அனுபவம் இருக்கிறது.

ஆறரைக்கு அண்ணன் காரை எடுக்கிறார். பெடரல் ஹைவேயில் 2018-ல் டோலை எடுத்துவிட்டார்கள், ஜாமை எடுக்கவில்லை. அண்ணியும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது அண்ணனின் அம்மா. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். இந்தச் சட்டியை அவரால் நம்ப முடியவில்லை. சத்தம் இல்லை, கொதி இல்லை, மூடி ஆடவில்லை. வேலை செய்கிறதா, செத்துக் கிடக்கிறதா? மணிக்கு ஒருதரம் திறந்து பார்க்கிறார். ஒருமுறை திறந்தால் வெளியே போன சூடு திரும்பி வர இருபது, முப்பது நிமிஷம் ஆகும். இப்படித் திறந்துகொண்டே இருந்தால் கோழி தீபாவளிக்குத்தான் வேகும்.

இதற்காகவே அண்ணன் சமையலறையில் ஒரு சிசிடிவி கேமரா மாட்டினார். அந்த வீட்டின் முன்வாசலில் கேமரா கிடையாது.

துன் சம்பந்தன் சாலைப் பக்கத்து ஆபீசில் உட்கார்ந்து அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசைப் பெண், “அங்கள், வீட்டுல யாருக்கும் முடியலையா?” என்று கவலையோடு கேட்கிறாள். பதினொரு மணிக்குத் திரையில் அம்மா கரண்டியோடு வருகிறார். அண்ணன் பேசும் பொத்தானை அழுத்துகிறார்.

“அம்மா! மூடியத் தொறக்காதீங்க!”

அலமாரி உச்சியிலிருந்து குரல் இறங்கியதும் அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு நேரே சாமி மேடைக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, “முனியாண்டி, தெரியாமத் தொறந்துட்டேன்பா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் பதறி வீட்டுக்குப் போன் அடித்தார்.

“நாந்தாம்மா பேசுனேன்.”

“நீதானா? அப்பச் சரி” என்று போனை வைத்துவிட்டு, அம்மா போய் மூடியைத் திறந்தார்.

அண்ணனிடம் கரண்டுக் கணக்கும் உண்டு. 200 வாட் சட்டி, எட்டு மணி நேரம், 1.6 யூனிட், ஒரு ரிங்கிட்கூட ஆகாது. கணக்கு சரிதான். “கேமரா எவ்வளவு ஆச்சுங்க?” என்று அண்ணி கேட்டபோது மட்டும் அண்ணனுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

கிள்ளானில் இருந்துகொண்டு மெல்ல வேகும் சட்டியைப் பற்றி உபதேசம் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். மூலிகையோடு பன்றி எலும்பை மணிக்கணக்கில் வேகவைக்கும் பா குட் தேவுக்குப் பேர்போன ஊர் இது. 2024-ல் அதைத் தேசியப் பாரம்பரிய உணவுகளில் ஒன்றாகவே அறிவித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் மூன்று ஸ்லோ குக்கர்கள் இருக்கின்றன. மருமகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த மாதம் முழுக்கக் கருங்கோழி சூப் அதில்தான் வெந்தது. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவரைத்தான் அண்ணன் வேலியோரம் நிறுத்தி வைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். ஆண்ட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, அண்ணன் நீட்டிய கிண்ணத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி கூடிப்போச்சு லா” என்று மலாயில் ஒரே வரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு வரியில் பாதி வித்தை அடங்கிவிட்டது. இந்தச் சட்டியில் ஆவி வெளியே போகாது. மூடியில் முட்டித் தண்ணீராகவே உள்ளே இறங்கும். கோழியும் தன் பங்குக்கு நீர் விடும். அடுப்புக் குழம்புக்கு ஊற்றுவதில் பாதித் தண்ணீர் போதும். தேங்காய்ப் பாலைக் கடைசி அரை மணியில் சேர்க்க வேண்டும்; முதலிலேயே ஊற்றினால் திரிந்து நிற்கும். ஆண்ட்டி சொல்லும் வரை, அண்ணன் வீட்டுக் கோழிக் குழம்பைப் பிள்ளைகள் ரசம் என்றே நினைத்துச் சாப்பிட்டார்கள்.

கோழி விஷயத்திலும் அப்படித்தான். பசார் புரொய்லருக்குக் குறைந்த சூட்டில் ஐந்து மணி நேரமே தாராளம். எட்டு மணி நேரம் விட்டால் எலும்பு தனியாக மிதக்கும். “பூவா வெந்திருக்கு பாத்தியா!” என்று அண்ணன் பூரிப்பார். மகன் கரண்டியை விட்டுத் துழாவி, “டாடி, கோழி எங்க?” என்பான். இந்தச் சட்டிக்குப் பொருத்தம் கம்போங் கோழி. அதைவிடப் பொருத்தம், முட்டையிட்டு ஓய்ந்துபோன கிழட்டுக் கோழி. மலாய்க்காரர்கள் அதை ‘ஆயாம் பென்சென்’ என்பார்கள், பென்ஷன் வாங்கிய கோழி. சாதாரண அடுப்பில் காஸ் தீர்ந்தாலும் மசியாத அந்தக் கறி, எட்டு மணி நேரச் சூட்டில் இளகி வரும். அண்ணன் அதை விரும்பிச் சாப்பிடுவார். பசாரில் அதை வெட்டும்போது மட்டும் பக்கத்தில் நிற்க மாட்டார். அவருக்கும் பென்ஷன் நெருங்குகிறது.

வெள்ளிக்கிழமை சைவம். கோழி வெந்த சட்டியில் பருப்பு வேகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், இரண்டாவது ஸ்லோ குக்கர் வீட்டுக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் சிவப்புக் கிட்னி பீன்ஸைக் கழுவி நேராக அதில் போடப் போனார். நல்ல வேளை, அம்மா பிடுங்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் தளதளவென்று பத்து நிமிஷமாவது கொதிக்கவிட்டால்தான் அந்தப் பயறிலுள்ள நச்சு முறியும். இளஞ்சூடு அதற்கு உதவாது, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். அம்மாவுக்கு நச்சின் பெயர் தெரியாது. பயறை எப்படிச் சமைப்பது என்று தெரியும்.

சட்டிக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். சாயந்திரம் மழை பிடித்துக்கொள்கிறது. சுபாங் பக்கம் ஒரு லோரி நின்றுவிட்டது. அண்ணி வீட்டுக்கு வரும்போது ஏழே முக்கால். அண்ணன் வர எட்டரை. டியூஷன் முடிந்து மகள் வர ஒன்பது. ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேரும் இந்தப் பள்ளத்தாக்கு வாழ்க்கையில், முகம் சுளிக்காமல் சூடாகக் காத்திருக்க ஒன்று இருப்பது சாதாரண உதவி இல்லை. முன்பெல்லாம் அந்த வேலையை அண்ணி பார்த்தார். ஒரே குழம்பை ஒரே ராத்திரியில் மூன்று தடவை சூடு பண்ணினார். அதற்கு யாரும் ஸ்டேட்டஸ் போடவில்லை.

சாப்பிடும்போது அண்ணன் எல்லோர் முகத்தையும் பார்ப்பார். கைதட்டல் வரவேண்டிய நேரம் அது. அம்மாதான் பேசினார்.

“தோட்டத்துல விடிகாலைல பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால, அடுப்புத் தணல்ல சட்டிய ஏத்தி, சாம்பலத் தள்ளி மூடிட்டுப் போவோம். மரம் வெட்டிட்டு வந்து பாத்தா வெந்து கிடக்கும். நாங்க என்ன, அதுக்கு ஆள் வச்சா காவல் காத்தோம்?”

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் சட்டியைத் தொட்டியில் இறக்கி வைப்பார். சூடான பீங்கானில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று கையேட்டில் போட்டிருக்கிறதாம். அது உண்மைதான். அதனால் ஆறட்டும் என்பார். அதற்கும் அரை மணி நேரம் ஆகும். அண்ணனுக்குத் தூக்கம் வர கால் மணி நேரம் போதும். வாணலி, மிக்ஸி ஜாடி, வெட்டுப் பலகை, சோற்றுச் சட்டி என்று ‘ஒரே பாத்திரச் சமையல்’ தொட்டி நிறையக் கிடக்கும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்றால் அண்ணன் வெறுங்கையோடு போகமாட்டார். சட்டியை முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, கிள்ளானிலிருந்து ஓட்டிவருவார். பின் சீட்டில் அண்ணி. வீட்டுக்காரர், “வாங்க வாங்க” என்பதற்குள், “சுவிட்சு எங்கப்பா இருக்கு?” என்பார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உருவாகிக்கொண்டிருந்தால் தடுக்காதீர்கள். சமைக்க வேண்டும் என்ற ஆசை எந்த வயதில் வந்தாலும் நல்லதுதான். ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வெங்காயம் உரிப்பதையும், விடிகாலைத் தாளிப்பையும், ராத்திரி சட்டி கழுவுவதையும் ஒரு மாதத்துக்கு அவரிடமே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் “ரொம்ப ஈஸி” என்று சொன்னால், தயங்காமல் எழுந்து நின்று கைதட்டுங்கள்.