1970 ஜனவரி 20: ஒரு வரலாற்று மறுவாசிப்பு

உலக வரலாற்றில் வேலை மிகுந்த நாள் எது என்ற வினாவுக்கு இதுவரை போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் காட்டியே விடை சொல்லிவந்தார்கள். தரவுத்தளச் சான்றுகள் சுட்டுவது 1970 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமையை. அன்று ஆன்லைனில் மளிகை ஆர்டர் போட்டவர்களும் பாஸ்வேர்டு மாற்றியவர்களும் எண்ணிலடங்கார். அப்போது இன்டர்நெட்டே கிடையாதே என்பவர்கள் சான்றைப் பாராமல் பேசுகிறார்கள்; திரையில் தேதி தெளிவாகவே இருக்கிறது.

மூலத்தை ஆராய்வோம். யூனிக்ஸ் மரபில் காலம் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் பிறந்தது. அதன்பின் கடந்த நொடிகளை ஒரே எண்ணாகச் சேமிப்பது வழக்கம். நிரல்மொழிகளில் பிஎச்பி இந்த நொடிநெறியைச் சார்ந்தது, ஜாவாஸ்கிரிப்ட்டோ மில்லிநொடிநெறி. முன்னதன் எண்ணைப் பின்னதிடம் அப்படியே கொடுத்தால், ஆயிரம் நாள் வாழ்க்கை ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். 2022 ஜனவரி 8 முதல் 2024 அக்டோபர் 3 வரை உலகம் செய்த அத்தனையும் மேற்படி செவ்வாய்க்கிழமையில் விழுந்தது இவ்வாறே. அடுத்து வந்த புதன்கிழமை 2027 ஜூன் 30 வரை ஓடும். (எல்லாம் கிரீன்விச் கணக்கு.)

எண்ணை ஆயிரத்தால் பெருக்குக என்பர் நிரலாளர். ஏட்டில் இல்லாத மூன்று சுழியங்களைச் சேர்ப்பது அப்பட்டமான இடைச்செருகல். ஆயினும் பில்லில் தேதி சரியாக வருவதால் ஆய்வுலகம் கண்டும் காணாமல் இருக்கிறது. மில்லிநொடி எண்ணைப் பிஎச்பியிடம் கொடுத்தாலோ ஆண்டு கி.பி. 55,000-ஐத் தாண்டும். அக்காலத்து மளிகை பற்றி நமக்குக் கருத்தில்லை.

தேதியே பதியாத வரிகள் தனி இனம். ‘நல்’ என்ற வெறுமையை ஜாவாஸ்கிரிப்ட் சுழியமாகக் கொள்ளும். சென்னைத் திரையில் அது 1970 ஜனவரி 1, காலை 5.30, நியூயார்க்கில் 1969 டிசம்பர் 31, இரவு 7. பிறந்த தேதி தராத ஒருவர் இவ்விதம் இரு ஆண்டுகளில் பிறக்கிறார். ஜாதகம் கணிப்பவர்கள் கவனிக்க.

பெருக்கி முடித்தாலும் பூசல் ஓயாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரி சுழியாம் மாதம், டிசம்பர் பதினொன்றாம் மாதம். நாள் மட்டும் ஒன்றில் தொடங்கும். 1995-இல் ஜாவாவைப் பார்த்து எழுதியதால் ஒட்டிய பழக்கம் இது. ஜாவா 2014-இல் புதிய தேதி நூலகம் கொண்டுவந்து திருந்திக்கொண்டது; பார்த்து எழுதியதோ அதன்பின்னும் பல்லாண்டு பழைய ‘டேட்’டோடு அல்லாடியது. அந்த ‘டேட்’டின் ‘கெட்மந்த்’ தரும் மாத எண்ணோடு ஒன்றைக் கூட்ட மறந்த கடைக்காரர், தீபாவளித் தள்ளுபடி செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பார்.